கூடுதல் எடைக் கட்டணம்: முகப்பில் போடும் சண்டை யாருடன்?

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தைவிட்டு வெளியே வந்து சையது ஆல்வி சாலைப் பக்கம் நடந்தால், ஊருக்குப் போகிறவர் யார் என்று கேட்காமலேயே தெரிந்துவிடும். ஒரு கையில் புதுப் பெட்டி, மறு கையில் முஸ்தஃபா பைகள். உள்ளே கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட், பாதாம், சோப்பு, அப்பாவுக்குச் சட்டை, அக்கா பிள்ளைக்குப் பொம்மை. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போகும் ஊழியரின் பெட்டியில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பொருள் இருக்கும்.

அந்தப் பெட்டி சாங்கியில் எடை இயந்திரத்தில் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அனுமதி 20 கிலோ. இயந்திரம் காட்டுவது 26. “கொஞ்சம் பாத்து விடுங்க தங்கச்சி” என்று கெஞ்சல், பிறகு வாக்குவாதம், கடைசியில் தரையில் பெட்டியைத் திறந்து நாலு பேர் பார்க்க மைலோ பொட்டலங்களை வெளியே எடுக்கும் அவமானம். திருச்சி, மதுரை, சென்னை, கோவை விமானங்களுக்கான வரிசையில் நின்ற யாருக்கும் இது புதிய காட்சியல்ல.

நம்மவர்கள் சுமை அதிகம் கொண்டுபோவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ராஜுலா’ கப்பலிலும், அதன் பின் ‘சிதம்பரம்’ கப்பலிலும் டிரங்குப் பெட்டியும் மூட்டையும் ஆளோடு பயணம் செய்தன. 1985ல் ஏற்பட்ட தீ விபத்தோடு ‘சிதம்பரம்’ கப்பலின் கதை முடிந்தது. ஆனால் ஊருக்குப் போனால் கை நிறையப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கரையேறி விமானத்திலும் ஏறிக்கொண்டது.

விமானத்துக்கு எடை முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. எடை கூடினால் எரிபொருள் கூடும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற விதியும் அதைத் தூக்கி இறக்கும் தொழிலாளியின் முதுகைக் காப்பதற்காகத்தான். அதனால்தான் பணம் கட்டினாலும் 35 கிலோப் பெட்டியை அப்படியே ஏற்றிக்கொள்வதில்லை. இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது எடை மட்டுமல்ல. அதே 5 கிலோவை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை; விமான நிலைய முகப்பில் வாங்கினால் பல மடங்கு விலை. இரண்டிலும் எரியும் எரிபொருள் ஒன்றுதான். ஆக, முகப்பில் நாம் கட்டும் பணத்தின் பெரும்பகுதி சுமைக்கான விலையல்ல, தாமதத்துக்கான விலை. வேறு வழியில்லாத நேரத்தில் கேட்கப்படும் விலை என்றும் சொல்லலாம்.

இதன் பின்னால் ஒரு வணிக முறை இருக்கிறது. 2008ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது. 2023ல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக் கட்டணமாக மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் ஈட்டின. மலிவுக் கட்டண விமானங்கள் இருக்கையின் விலையைக் குறைத்துக் காட்டி, பெட்டி, உணவு, இருக்கைத் தேர்வு ஆகியவற்றைத் தனித்தனியே விற்கின்றன. சிங்கப்பூர் - தமிழ்நாடு தடத்திலும் இன்று பெரும்பாலோர் பறப்பது இத்தகைய நிறுவனங்களில்தான். பயணச்சீட்டு மலிவாகக் கிடைப்பதும் இதே முறையால்தான் என்பதை மறுக்க முடியாது. பெட்டி இல்லாமல் போகிறவர் மிச்சப்படுத்துகிறார். பெட்டியோடு போகிறவர் ஈடுகட்டுகிறார். நாம் எப்போதும் இரண்டாவது கூட்டம்.

இங்கேதான் முகப்பில் இருக்கும் ஊழியரைப் பற்றி யோசிக்க வேண்டும். விமான நிறுவனத்தின் சீருடையோ அடையாளமோ இருந்தாலும், அவர் பல நேரங்களில் அந்த நிறுவனத்தின் ஊழியரே அல்ல. சாங்கியில் சாட்ஸ், டிநாட்டா போன்ற தரைச்சேவை நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் இந்த வேலையைச் செய்கின்றன. கட்டணத்தை வகுத்தவர் வேறோர் ஊரில், வேறோர் அலுவலகத்தில் இருக்கிறார். முகப்பில் இருப்பவர் ஒரு கிலோவைக் கண்டும் காணாமல் விடலாம். ஆறு கிலோவை விட்டால் அவருக்குத்தான் கேள்வி வரும். பயணியே பெட்டியை வைத்து ஒட்டுவில்லை ஒட்டும் தானியங்கி இயந்திரங்கள் பெருகிவரும் காலத்தில், அந்த ஒரு கிலோ கருணையும் குறைந்துகொண்டு வருகிறது.

சில நாடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஐரோப்பாவின் ரயன்ஏர் நிறுவனம், அளவை மீறிய பைகளைக் கண்டுபிடிக்கும் ஊழியருக்குப் பைக்கு 1.50 யூரோ ஊக்கத்தொகை கொடுத்துவந்தது. 2025 நவம்பரில் அதை 2.50 யூரோவாக உயர்த்தி, மாதத்துக்கு 80 யூரோ என்ற உச்சவரம்பையும் நீக்கியது. இப்படியொரு ஏற்பாடு இருக்கும் இடத்தில் பயணி ஊழியரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அங்கேயும் அந்த ஏற்பாட்டைச் செய்தவர் வாசலில் நிற்பதில்லை. திட்டு வாங்குவது மட்டும் வாசலில் நிற்பவர்.

கோபம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீநகர் சம்பவம் கண்முன் இருக்கிறது. 2025 ஜூலை 26ஆம் தேதி அங்கு ஒரு ராணுவ அதிகாரி, 7 கிலோ அனுமதி உள்ள இடத்தில் 16 கிலோ கைப்பைகளோடு வந்தார். கட்டணம் கேட்ட ஸ்பைஸ்ஜெட் ஊழியர்கள் நால்வரைத் தாக்கியதாகக் காவல்துறையில் வழக்குப் பதிவானது. ஒருவருக்கு முதுகெலும்பு முறிந்ததாகவும் மற்றொருவருக்குத் தாடையில் பலத்த காயம் ஏற்பட்டதாகவும் நிறுவனம் தெரிவித்தது. சிங்கப்பூரில் கை ஓங்க வேண்டும் என்பதுகூட இல்லை. மிரட்டி, வசைபாடித் துன்புறுத்துவதே 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவருக்கு ஒரு காவல்துறைப் புகார் என்பது ஆறு கிலோவைவிடப் பன்மடங்கு கனமானது.

அப்படியானால் பணிந்து போவது ஒன்றுதான் வழியா? இல்லை. சண்டையை எங்கே, எப்போது போடுவது என்பதுதான் கேள்வி.

முதலாவது, பயணச்சீட்டு வாங்கும்போதே எடையையும் சேர்த்து விலை ஒப்பிட வேண்டும். 40 வெள்ளி மலிவாகத் தெரியும் சீட்டு, 10 கிலோ சேர்த்தபின் விலை கூடியதாக மாறலாம். முகவரிடம் வாங்குகிறவர் “எத்தனை கிலோ?” என்று மட்டும் கேட்காமல், சீட்டில் அது அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்ச்சொல் முகப்பில் செல்லாது.

இரண்டாவது, தேக்காவில் ஒரு சிறு கைத்தராசு வாங்கி வீட்டிலேயே நிறுத்துப் பார்ப்பது. பெட்டி கனமாக இருந்தால், இணையத்தில் எடை வாங்கும் கெடு முடியும்முன் வாங்கிவிடலாம். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மூன்றாவது, முகப்பில் நியாயமாகக் கேட்கக் கூடியவை உண்டு. வேறொரு தராசில் மீண்டும் நிறுக்கச் சொல்லலாம். ஓரமாக நின்று பொருள்களை மாற்றியடுக்க நேரம் கேட்கலாம். ஒரே பதிவில் உள்ள குடும்பத்தாரின் எடையைச் சேர்த்துக் கணக்கிட முடியுமா என்று கேட்கலாம். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லலாம். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கியே தீர வேண்டும். கைப்பையைப் பெட்டிகளோடு அனுப்பச் சொன்னால், கையடக்க மின்னூட்டியையும் மருந்தையும் நகையையும் கடப்பிதழையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

நான்காவது, முன்பின் தெரியாதவரிடம் “இந்தப் பையை மட்டும் உங்க பேர்ல போட்டுக்குங்க அண்ணே” என்று கேட்பதும், கேட்டால் சம்மதிப்பதும் வேண்டாம். ‘குருவி’ வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பது திருச்சி, சென்னைச் சுங்கத்துறைச் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் பேரில் போன பெட்டிக்குள் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

தவறாகப் பணம் பிடிக்கப்பட்டதாகத் தோன்றினால் விமானத்தைத் தவறவிடாமல் கட்டிவிட்டு, ரசீதோடும் படத்தோடும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது; 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றமும் இருக்கிறது. பெட்டி தொலைந்தால், 2024 டிசம்பர் 28 முதல் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர், அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாகக் கிடைத்தால் 21 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

எழுதிக் கேட்பதால் பலன் வருமா என்று சலித்துக்கொள்கிறவர்கள் ஸ்பெயினைப் பார்க்கலாம். பயணி ஒருவர் கொடுத்த புகாரிலிருந்து எழுந்த வழக்கில், நியாயமான அளவுள்ள கைப்பைக்குத் தனிக்கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014ல் கூறியது. பயனீட்டாளர் அமைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் புகார் கொடுத்தன. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசாங்கம் ஐந்து மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்துப் போராடுகின்றன என்றாலும், வழக்கு அங்கே வந்து நிற்பதற்குக் காரணம் பதிவான புகார்கள். முகப்பில் போட்ட கூச்சல் எதுவும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

நம் தடத்தில் பறக்கும் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவையும் பெரியவை அல்ல. கூடுதல் எடைக்கான விலையைப் பயணச்சீட்டிலேயே தமிழில் அச்சிடட்டும். வரிசையில் நுழையும் இடத்தில் ஒரு தராசு வைக்கட்டும். முகப்பு விலைக்கும் இணைய விலைக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கட்டும். சமூக அமைப்புகளும் ஊழியர் நல அமைப்புகளும் ஒன்றாகக் கேட்டால் இவை நடக்கக்கூடியவை.

அதுவரை, முகப்பில் இருக்கும் தங்கச்சியும் வரிசையில் நிற்கும் அண்ணனும் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவர்கள் என்பதை இரு தரப்பும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மைலோ பொட்டலம் ஊரிலும் கிடைக்கும். அப்பாவுக்கு வாங்கிய சட்டையை மட்டும் முதலில் அடுக்குங்கள்.