பெட்ரா போனா அந்த வாய்க்காலையும் பாருங்க

'பெட்ரா'ன்னு தேடிப் பாருங்க. வர்றது பெரும்பாலும் ஒரே படம்தான். இருட்டான மலை இடுக்கு, அதுக்கு நடுவுல இளஞ்சிவப்பு நிறத்துல ஒரு பிரம்மாண்ட முகப்பு. 1989-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் காட்டுவாங்களே, அதே இடம். ஜோர்டான் போறவங்க அங்கே நின்னு ஒரு ரீல்ஸ் எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க. தப்பில்லை. ஆனால் இன்ஜினியரிங் படிக்கிற நாமும் அதோட திரும்பினால், பெட்ராவின் பாதியைத்தான் பார்த்திருக்கோம் என்பது என் கருத்து.

அந்த முகப்பின் பெயர் அல் கஸ்னே, அதாவது கருவூலம். சுமார் 40 மீட்டர் உயரம், மலையிலேயே செதுக்கியது. உச்சியில் இருக்கும் கல் ஜாடிக்குள்ளே புதையல் இருக்குன்னு நம்பி, அதைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்காங்க. குண்டு பட்ட தடம் இன்னும் இருக்கு. ஜாடி உள்ளே வெறும் கல்தான்.

உண்மையான புதையலை நீங்க அங்கே நடந்து போற வழியிலேயே தாண்டிடுறீங்க. முகப்புக்குக் கொண்டுபோகும் 'சீக்' என்ற இடுக்கு சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். அதன் சுவரில் ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால் ஓடும். மறுபக்கம் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள். தூரத்து ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவர நபட்டேயர்கள் போட்ட லைன் அது. மோட்டார் கிடையாது, சரிவு மட்டும்தான். வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் ஊரில், தொட்டிகள் வெட்டி, அணைகள் கட்டி, ஆயிரக்கணக்கான மக்கள் வாழ்ந்தாங்க. நடு ஊரில் தோட்டத்தோடு ஒரு பெரிய குளமே இருந்தது 1998-ல் அகழாய்வில் தெரிஞ்சது.

மழை குறைவுதான், ஆனால் பெய்தால் மொத்தத் தண்ணியும் அந்த இடுக்குக்குள்ளே பாயும். அதனால சீக்கின் வாசலில் ஒரு அணை கட்டி, பக்கத்து மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டு, வெள்ளத்தை வேறு வழியில் திருப்பி விட்டாங்க.

அப்புறம் வணிகப் பாதைகள் மாறின. 363-ல் பெரிய நிலநடுக்கம் வந்தது. நகரம் மெல்ல காலியாச்சு. அணையைப் பார்த்துக்க ஆள் இல்லை. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளம் சீக்குக்குள் புகுந்து 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனாங்க. கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னாடியே தீர்த்து வைத்த பிரச்சினை! அதுக்கு அப்புறம்தான் பழைய அணை இருந்த இடத்திலேயே புது அணை கட்டினாங்க. அதோட கதை முடியலை. 2018 நவம்பரிலும் வெள்ளம் வந்து, ஆயிரக்கணக்கான பயணிகளை அவசரமா வெளியேத்த வேண்டி வந்தது.

"முகப்பும் இன்ஜினியரிங்தானே?" என்று கேட்பீங்க. ஆமாம், அதைச் செதுக்கினது சாதாரண வேலை இல்லை. ஆனால் முகப்பு இடிஞ்சிருந்தால் ஊர் ஒரு அழகை இழந்திருக்கும். வாய்க்கால் அடைச்சிருந்தால் ஊரே இருந்திருக்காது.

இதை எழுதும்போது எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்தான் ஞாபகம் வருது. டெமோ அன்னைக்கு ஓடினால் போதும் என்று எல்.இ.டி., டிஸ்ப்ளே, பளபளன்னு ஒரு பெட்டி எல்லாம் வைத்தோம். ஆறு மாசம் கழிச்சு இதை யார் பராமரிப்பாங்க என்று ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட எழுதலை. உங்க ரிப்போர்ட்டையும் ஒருதடவை புரட்டிப் பாருங்க.

எப்பவாவது வேலை விஷயமா அந்தப் பக்கம் போனால் பெட்ராவுக்குப் போங்க, போட்டோவும் எடுங்க. ஆனால் சீக்கில் நடக்கும்போது கேமராவை உள்ளே வச்சுட்டு, சுவரோரமா அந்த வாய்க்காலின் சரிவைக் கொஞ்ச தூரம் பார்த்துக்கிட்டே நடங்க. அதை வெட்டினவன் பேர் யாருக்கும் தெரியாது. அவன் செய்த வேலையைத்தான் நாமும் படிச்சுட்டு இருக்கோம்.