சைனா காரா? சீச்சீ!

'சைனா காரா? ஒரே காப்பி, டப்பா!'ன்னு மூக்கைச் சுளிக்கிற மக்களே, ஒரு நிமிஷம். செவர்லே செயில் செடான் ஞாபகமிருக்கா? 2013-ல நம்ம நாட்டுக்கும் வந்துச்சே, அதேதான். அமெரிக்க வண்டின்னுதான் பலபேர் நெனச்சோம். பேட்ஜ் மட்டும்தான் அமெரிக்கா! 2010-ல சீனாவில் வந்த அந்த மாடலை உருவாக்கினது ஷாங்காய் இன்ஜினியர்கள்.

2001-ல் அங்கே வந்த முதல் செயில், ஓப்பல் கோர்சாவோட மறுவேஷம். விலை சுமார் 1 லட்சம் யுவான். 2010 மாடலின் ஆரம்ப விலை 56,800. முதல் கார் வாங்குற சீனக் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சின்னதா? உள்ளே பளபளப்பு கம்மிதான், ஒத்துக்கறேன். அவங்களுக்குத் தேவை நாலு கதவும் ஒரு டிக்கியும்தானே!

அடுத்தவன்கிட்ட கத்துக்கிட்டு, பத்தே வருஷத்துல சொந்தமா செஞ்சு, விலையையும் கிட்டத்தட்ட பாதியாக்கினதுக்குப் பேரு காப்பியா? அப்போ லோகோவைப் பார்த்துக் கார் வாங்குறதுக்கு என்ன பேரு சாமிகளா? :)