போகிக்கு முன்பே தீயை நிறுத்துவோம்!

தோழர்களே! கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர்த் தோழர்களே!

மார்கழி பிறந்துவிட்டது. போகிக்குச் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் நம் தெருக்களில் நடந்தாக வேண்டிய வேலைக்கு உங்களை அழைக்கிறோம்.

வடசென்னையின் காற்றைக் கெடுத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், மணலியின் ஆலைகள், துறைமுகத்துக்கு இரவும் பகலும் வரிசைகட்டி ஓடும் கன்டெய்னர் லாரிகள், ஊர்க் குப்பையைச் சுமந்து சுமந்து மலையாகிப்போன கொடுங்கையூர்க் கிடங்கு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்களும் சின்னக்குப்பத்து மக்களும் மூச்சு முட்டி வீட்டைவிட்டு ஓடியதை மறக்க மாட்டோம். காற்றைக் கெடுத்தவர்களையெல்லாம் கேள்வி கேட்கும் போராட்டத்தில் ஓர் அடிகூடப் பின்வைக்க மாட்டோம்.

ஆனால் தோழர்களே, நம் தெருமுனையில் நாமே மூட்டுகிற தீயை அணைக்க யாரிடம் மனு கொடுப்பது?

சருகோடு பால் பாக்கெட், பால் பாக்கெட்டோடு அறுந்த செருப்பு, செம்புக் கம்பிக்காக உருக்கும் வயர். "கொசு போகும்", "குப்பை லாரி வரவில்லை", "கொஞ்சம்தானே" என்று ஆளுக்கொரு காரணம். பிவிசி எரிந்தால் டையாக்சின் என்னும் நஞ்சு கிளம்புகிறது. புகையிலுள்ள பிஎம் 2.5 துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கால் அதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்தில் கலந்து இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் அது ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டின் வரம்பு 40!

மார்கழி, தை விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும்; அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்திருக்கும். மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் அதை அமுக்கிவிடுகிறது. எழும் புகைக்கு வெளியேற வழியில்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. வசதியுள்ளவர் சன்னலைச் சாத்தி ஏசி போட்டுக்கொள்வார். ஒற்றை அறையில் குடியிருக்கும் நம் பிள்ளைகளும், விடியுமுன் துடைப்பம் எடுக்கும் தூய்மைப் பணியாளரும், நடைபாதையில் இட்லி அவிக்கும் அக்காவும் எங்கே போவார்கள்?

ஆகவே, உடனே செய்ய வேண்டியவை:

ஒன்று: இன்றே குப்பையைப் பிரித்துவையுங்கள். மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காததற்கு ஒரு பை. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் கிடங்கில் காற்றில்லாமல் புதைந்து அழுகும்போதுதான் மீத்தேன் உண்டாகிறது. அது எளிதில் பற்றிக்கொள்ளும் வாயு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றியெரிந்ததைப் பார்த்தோமே!

இரண்டு: சருகைக் கொளுத்தாதீர்கள். பள்ளி வளாகத்தில், கோயில் மூலையில் ஒரு குழி வெட்டினால் போதும். இடமில்லையா? மொட்டைமாடியில் ஒரு சாக்கு. சாணிக் கரைசல் தெளித்து வைத்தால் சில மாதங்களில் உரம்.

மூன்று: போகியைக் கொண்டாடுங்கள், டயரை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் மேளம் கொட்டட்டும். சடங்குக்கு நாலு விறகுக் குச்சி போதும். பழைய பாய், துணி, டயரைப் போகிக்கு முன் மாநகராட்சியே வாங்கிக்கொள்கிறது. வீடுவீடாகப் போய்ச் சேர்த்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

நான்கு: வண்டியுள்ளவர்கள் சிக்னலில் இன்ஜினை அணையுங்கள். புகைச் சான்றிதழைப் பேருக்கு வாங்காமல், வண்டியைச் சரிபார்த்து வாங்குங்கள். பக்கத்துத் தெருவுக்கு நடங்கள்.

ஐந்து: யாராவது குப்பையை எரித்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே அபராதம் விதித்திருக்கிறது. ஆனால் லாரி வராததால் வேறு வழியின்றிக் கொளுத்தும் தூய்மைப் பணியாளர் மீது பாயாதீர்கள். லாரி ஏன் வரவில்லை என்று ஏரியா சபையில் கவுன்சிலரைக் கேளுங்கள். அந்தத் தொழிலாளி நம் தோழர்.

"புகைபோக்கிகளை விட்டுவிட்டு வாளியைத் தூக்கச் சொல்கிறீர்களே" என்று சில தோழர்கள் கேட்கலாம். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாமென்று 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்றோமே, அதை நினைத்துப் பாருங்கள். எரிஉலை வேண்டும் என்போர் முன்வைக்கும் வாதம் என்ன? "மக்கள் பிரித்துத் தருவதில்லை, எரிப்பதைத் தவிர வழியில்லை" என்பதுதானே! ஈரக் குப்பை உரக்குழிக்கும், காகிதமும் பிளாஸ்டிக்கும் காயலான் கடைக்கும் போய்விட்டால், அந்த உலைக்குத் தீனி எங்கிருந்து வரும்? தெருவில் டயர் கொளுத்திவிட்டு உலையை எதிர்த்துக் கோஷம் போட்டால், "முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார்கள். அந்த வரியை அவர்களிடமிருந்து பறிப்போம்! பிரித்த குப்பை வாளி நம் கையில் இருக்கும் ஆயுதம்.

வரும் ஞாயிறு காலை தெருவுக்கு இருவராவது முன்வாருங்கள். சருகுக்குழி வெட்டுவது யார், பழைய பொருள் சேகரிப்பது யார், பிள்ளைகளிடம் பேசுவது யார், கவுன்சிலரைப் பார்ப்பது யார் என்று அன்றே பிரித்துக்கொள்வோம். போகிக்குள் ஒவ்வொரு வாசற்படியையும் மிதித்தாக வேண்டும். நம் தெருவில் ஒரு டயர்கூட எரியக் கூடாது. அந்தக் கணக்கோடு மாநகராட்சி வாசலுக்குப் போவோம்: "எங்கள் பங்கை முடித்துவிட்டோம். எரிஉலைத் திட்டத்தைக் கைவிடு! புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்து!"

தீப்பெட்டியைக் கீழே போடுங்கள், தோழர்களே! வாளியை எடுங்கள்! தெருவுக்கு வாருங்கள்!