கோடு ஓரிடம், பெயர் வேறிடம்

கல்யாண டிவிடியைப் போட்டதும் வருகிற மெனுவில் ஒரு கூத்து நடக்கும், பார்த்திருப்பீர்கள். ரிமோட்டில் கீழ் அம்பைத் தட்டுவோம். மஞ்சள் கோடு ‘மாப்பிள்ளை அழைப்பு’க்கு அடியில் போய் நிற்கும். சரி என்று ஓகேயை அழுத்தினால் ஓடுவதோ முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்புதான் வேண்டுமென்றால், பட்டியலுக்கு மேலே எந்தப் பெயரும் இல்லாத வெற்றிடத்தில் கோடு தொங்கும்போது அழுத்த வேண்டும். கடைசியில் இருக்கும் ‘வரவேற்பு’க்குப் போனால் கோடு அடியிலுள்ள கறுப்புப் பட்டைக்குள் இறங்கிவிடும். நடுவில் இருக்கிற ஒன்றிரண்டு பெயர்களுக்கு மட்டும் கோடு ஒழுங்காக நிற்கும்.

நடுவில் சரி, மேலும் கீழும் போகப் போகப் பிசகு. இந்த நோய்க்கு இதுதான் அடையாளம். இதைக் கவனித்துவிட்டால் மருந்து தேடி அலைய வேண்டியதில்லை.

என் அத்தை ஒருவர் தன் மகளின் கல்யாண டிவிடியில் இந்தக் கோளாறைக் கண்டு ஸ்டூடியோவுக்குப் போன் போட்டார். “தம்பி, எதை அமுக்கினாலும் வேற ஏதோ வருதுப்பா.” பதில் தயாராக இருந்தது: “அம்மா, எங்க சிஸ்டத்துல போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தோம். உங்க பிளேயர் பழசும்மா, மாத்திப் பாருங்க.” அத்தை மாற்றினார். புது பிளேயரிலும் கோடு அதே வெற்றிடத்தில்தான் தொங்கியது. ஸ்டூடியோக்காரர் பொய் சொல்லவில்லை; அவர் சிஸ்டத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அகலத்திரை மானிட்டரில் இந்தப் பிசகு எட்டிப் பார்க்கவே பார்க்காது.

மெனுவில் நாம் பார்ப்பது ஒரே படம் என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு. மண்டப வாசல், ரோஜாப்பூ, பெயர்ப் பட்டியல் எல்லாம் சேர்ந்த பின்னணி சாதாரண எம்பெக்-2 வீடியோ. அதன்மேல் ஓடுகிற மஞ்சள் கோடு தனி அடுக்கு. சப்-டைட்டில் எழுத்துகள் வருகிற அதே வழியில்தான் அதுவும் வருகிறது. நான்கு நிறங்களுக்கு மேல் அதற்கு இடமில்லை. கோட்டின் ஓரம் ரம்பப் பல் மாதிரி தெரிவதற்கும் அதுவே காரணம். இந்த இரண்டு அடுக்கும் டிஸ்க்கில் சேர்ந்திருப்பதில்லை. பிளேயருக்குள் போன பிறகுதான் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

இப்போது திரையின் வடிவத்துக்கு வருவோம். நம் ஊர் பால் (PAL) டிவி முறையில் டிவிடி படத்தின் அளவு 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். பழைய 4:3 படமானாலும் 16:9 அகலப் படமானாலும் இதே அளவுதான். அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி இந்தச் சட்டத்துக்குள் அடைத்து வைக்கிறார்கள். அகல டிவி அதை இழுத்து விரித்துக் காட்டுகிறது. பழைய டிவியாக இருந்தால் பிளேயர் வேறு வேலை செய்கிறது. 576 வரியை முக்கால் பங்காக, அதாவது 432 வரியாகச் சுருக்கி, மேலே 72, கீழே 72 வரி கறுப்புப் பட்டை போட்டு அனுப்புகிறது.

சுருக்குவது பின்னணியை மட்டும். மேலே ஓடும் கோட்டை அது தொடுவதேயில்லை. அடியில் இருக்கிற படத்தைச் சின்னதாக ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டு, பழைய அளவில் வரைந்த டிரேசிங் பேப்பரை அப்படியே அதன்மேல் போட்ட கதை. 100ஆவது வரியில் இருந்த பெயர் இப்போது 147க்கு இறங்கிவிட்டது; கோடு 100லேயே நிற்கிறது. அடுத்த பெயருக்கான கோடு 150இல் வருகிறது, முந்தைய பெயரின் மேலேயே விழுகிறது. திரையின் மத்தியான 288ஆவது வரி மட்டும் சுருக்கிய பிறகும் 288தான். நடுப்பெயர்கள் தப்பிப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கோளாறு இத்தனை வீடுகளில் தெரிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம், 4:3 திரை. சில ஆண்டுகளிலேயே கல்யாண வீடியோக்காரர்கள் எச்டி கேமராவுக்கு மாறினார்கள், படம் 16:9 ஆனது. எடுப்பவர் கையில் அகலத்திரை, பார்ப்பவர் வீட்டில் சதுர டிவி. கல்யாண ஆல்பத்தின் அட்டைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் மூன்று மாதிரி காட்டிச் சம்மதம் வாங்குகிறவர்கள், அந்த வீட்டில் இருக்கிற டிவி எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டிவிடி வடிவத்தை வகுத்தவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. முதல் பிளேயர்கள் 1996இல் ஜப்பானில் கடைக்கு வந்தபோதே இதற்கு வழி இருந்தது. ஒரே மெனுவுக்கு அகலத்திரைக்கு ஒரு கோட்டு அடுக்கு, பட்டை போட்ட திரைக்கு இன்னொரு கோட்டு அடுக்கு என்று இரண்டைச் சேர்த்து எழுதலாம். செட்டப்பில் எந்த டிவி என்று குறித்திருக்கிறது என்று பார்த்து பிளேயரே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். இதற்கு ஒரு விலை உண்டு: சாதாரண மெனுவில் 36 பட்டன் வரை வைக்கலாம், இரண்டு அடுக்கு வைத்தால் 18தான். கல்யாண டிவிடிக்குப் பதினெட்டே அதிகம் என்பது என் கட்சி. நலங்கைத் தனியாக, ஊஞ்சலைத் தனியாக, பந்தியைத் தனியாகப் பிரித்துப் போட்டு யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாவது அடுக்குக்குக் கலைத்திறன் ஒன்றும் வேண்டாம், கூட்டல் பெருக்கல் போதும். முதல் அடுக்கில் ஒவ்வொரு பட்டனின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். அதை முக்காலால் பெருக்கி 72ஐக் கூட்டுங்கள். 148ஆவது வரியில் தொடங்கும் பட்டன் 183க்கு வரும். ஒற்றைப்படை வரி ஆகாது. 182 என்று வையுங்கள். 180இல் முடிவது 207. அதை 208 ஆக்குங்கள். இடது வலது எண்களில் கை வைக்காதீர்கள். பட்டன்களின் எண்ணிக்கையும் வரிசையும் இரண்டு அடுக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கோட்டின் படத்தையும் அதே கணக்கில் சுருக்கி வரைய வேண்டும். டிவிடிஆதர் என்ற இலவச மென்பொருளில் ஸ்பூமக்ஸ் என்ற கருவியை இருமுறை ஓட்டி, முதல் அடுக்கு அகலத்திரைக்கு, அடுத்தது பட்டைத் திரைக்கு என்று குறித்துவிட்டால் முடிந்தது. கோட்டை ஒரு வரி தடிமனில் வரையாதீர்கள்; பழைய டிவியில் அது மினுமினுத்துக் கண்ணைக் குத்தும்.

இவ்வளவு வேலை பார்க்க நேரமில்லை என்கிற எடிட்டருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. படம் 16:9 ஆக இருக்கட்டும், மெனுவை மட்டும் 4:3இல் செய்துவிடலாம். டிவிடியில் மெனுவின் வடிவமும் படத்தின் வடிவமும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்றில்லை. அகல டிவியில் மெனுவுக்கு இருபுறமும் இடம் காலியாகத் தெரியும், அவ்வளவுதான். அதுவும் பிடிக்கவில்லையா? பட்டன்களை மேலிருந்து கீழாக அடுக்காமல் திரையின் நடுவே ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக வையுங்கள். அங்கே பிசகு ஏறத்தாழ இல்லை.

கோடு மேலே கீழே போகாமல் பக்கவாட்டில் விலகியிருந்தால் அது வேறு நோய். டிவிடியின் புள்ளி சதுரமல்ல. ஃபோட்டோஷாப்பில் வரைகிறவர் பெரும்பாலும் சதுரப் புள்ளியில் வரைகிறார். பால் அகலத்திரைக்கு 1024 புள்ளி அகலம் என்று பலகாலம் எல்லோரும் வரைந்துகொண்டிருந்தார்கள். 2008இல் வந்த அடோபி சிஎஸ்4 அந்தக் கணக்கைத் திருத்தி 1050 ஆக்கியது. பின்னணியைப் பழைய அளவிலும் கோட்டைப் புதிய அளவிலும் வரைந்தால் நடுவில் பொருந்தி ஓரங்களில் நழுவும். இதற்கு ஒரே வழி, இரண்டையும் ஒரே கோப்பில் வரைவது.

எதைச் செய்தாலும், கொடுக்கும் முன் ஒரு சாதாரண பிளேயரில் போட்டு, செட்டப்பில் டிவி வடிவத்தை ‘4:3 எல்பி’ (பட்டை போட்ட திரை) என்று மாற்றிப் பார்ப்பதில் சோம்பல் கூடாது. கம்ப்யூட்டரில் பார்த்தது கணக்கில் வராது. பல பிளேயர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 4:3இல்தான் வருகின்றன. எல்இடி டிவி வாங்கிய வீட்டிலும் அதை யாரும் மாற்றுவதில்லை. நாலாபுறமும் கறுப்பு சூழ நடுவில் சின்னப் படம் தெரிகிறதா? உங்கள் வீடும் அதில் ஒன்று.

ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட டிவிடியைத் திருத்தித் தரச் சொன்னால் ஸ்டூடியோவில் இன்று அதைச் செய்த மென்பொருளே இருக்காது. ஆப்பிளின் டிவிடி ஸ்டூடியோ புரோ 2011இல் நின்றது. அடோபி என்கோர் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு சரி. அகல டிவி வைத்திருப்பவர்கள் பிளேயர் செட்டப்பை 16:9க்கு மாற்றினால் போதும், சுருக்குகிற வேலையே நடக்காது, கோடு பெயரில் போய் உட்காரும். பழைய டிவியிலும் இதைச் செய்து பார்க்கலாம். மெனு சரியாகிவிடும், ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் படம் முழுக்க மூங்கில் மாதிரி நெடுநெடுவென்று வருவார்கள். அதற்குப் பதில் ரிமோட்டின் எண்களைப் பயன்படுத்தலாம். பல பிளேயர்களில் மெனு திரையில் 2 என்று அழுத்தினால், கோடு எங்கே தொங்கினாலும், இரண்டாவது பட்டன்தான் ஓடும். அத்தை இப்போது பட்டியலை எண்ணி எண்ணித்தான் போடுகிறார்.