பாரியின் தேரும் பழைய காரும்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாள் முதல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. படரக் கொழுகொம்பு இல்லாமல் தவித்த கொடிக்குத் தேர் எதற்கு? நாலு மூங்கில் குச்சியை நட்டுவிட்டுப் போயிருந்தால் போதாதா? இந்தச் சந்தேகம் தீர நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. தீர்த்து வைத்தது என்னுடைய பழைய மாருதி 800.

2008இல் பாங்குக் கடனில் வாங்கிய கார். 15 ஆண்டு நன்றாகத்தான் உழைத்தது. பிறகு எண்ணெய் கசிந்தது. மழை பெய்தால் கால்மாட்டில் குளம் கட்டியது. என் பெண், "அப்பா, நான் ஆட்டோவிலேயே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். வேறு கார் வாங்குவது என்று முடிவாயிற்று. பழையதைப் பார்க்க வந்த வியாபாரி, இருபதாயிரத்துக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்றார். அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பரோபகார சிந்தை பிறந்தது.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனேன். நிர்வாகம் செய்கிற அம்மாள் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். முருங்கை மரத்தடியில் மூன்று கார்கள் நின்றன.

"கோவிச்சுக்காதீங்க சார். இது ஓடாது. அது ஓடும், ரிப்பேருக்குக் காசு இல்லே. இதைக் கொடுத்தவர் ஆர்.சி.யிலே பேரை மாத்தாமலே போயிட்டார். காயலான் கடைக்குக்கூடப் போட முடியலே. எங்களுக்கு வேண்டியது, பிள்ளைங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக மாசம் நாலு தடவை வாடகைக் கார். அதுக்குத்தான் யாரும் தரமாட்டேங்கறாங்க" என்றார். பிறகு, குத்தலாக அல்ல, விவரம் தெரிந்துகொள்கிறவர் போலக் கேட்டார்: "உங்க குழந்தைங்களை இதிலேதான் கூட்டிட்டுப் போறீங்களா சார்?"

எனக்கு நா எழவில்லை.

பழைய காரைத் தர்மத்துக்குக் கொடுக்கிற கனவான்களைக் கேட்கிறேன், என்னையும் சேர்த்தே கேட்கிறேன்: நாம் கொடுப்பது காரையா, செலவையா? 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறிற்று. அதற்கு முன் வண்டியைத் தகுதிப் பரிசோதனைக்குத் தயார் செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ் வேண்டும், பெட்ரோல் வேண்டும், ஓட்டுகிறவருக்குச் சம்பளம் வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகாத வண்டி, அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்க்கிற இல்லத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

செலவைவிடப் பெரிது உயிர். புதிய கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து கட்டாயமாக்கினார்கள். என் கார் அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியது. என் பெண்ணை ஏற்ற அஞ்சிய வண்டியில் பெற்றோர் இல்லாத குழந்தைகளை ஏற்றலாம் என்று நினைத்தேன் அல்லவா? அதற்குத் தர்மம் என்று வேறு பெயர் வைத்தேனே!

பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே. "தானம் கொடுத்துவிட்டேனே" என்ற சமாதானம் அங்கே செல்லாது. 29ஆம், 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட அலுத்துக்கொள்கிற கை, கொடுக்கிற கை அல்ல.

அமெரிக்காவில் இது வெகுநாளைய வழக்கம். தர்ம ஸ்தாபனங்கள் பழைய கார்களை வாங்கிப் பெரும்பாலும் ஏலத்தில் விற்றுவிடும். கொடுத்தவர்களோ ஏட்டில் கண்ட மதிப்பைக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொண்டார்கள். 2004இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்கிறவருக்குப் பொதுவாக வண்டி விற்ற தொகையே வரம்பு. ஸ்தாபனமே வண்டியை உபயோகித்தாலோ, நன்றாகப் பழுது பார்த்தாலோ, ஏழைகளுக்குக் கொடுத்தாலோதான் விதிவிலக்கு. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, பணமாகக் கொடுத்த நன்கொடைக்கே சலுகை தந்தது. ஆகவே இங்கே காருக்கு வரி லாபம் இல்லை. பெருமை லாபம் மட்டுமே. பெருமைக்குக் கழிவு கணக்கிட எந்தச் சட்டமும் இல்லை.

"ஒன்றும் இல்லாததற்கு இதுவாவது மேல் அல்லவா?" என்பார்கள். இல்லை. ஒன்றும் கொடுக்காவிட்டால் அந்த அம்மாளுக்குக் கொல்லைப்புறமாவது மிஞ்சும். கார்தான் கொடுப்பேன் என்றால் முதலில் அது வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால், பழுது பார்த்து, பதிவைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, பெயர் மாற்றிக் கொடுங்கள். மோட்டார் வேலை கற்பிக்கிற தொழிற்பயிற்சி நிலையம் கேட்டால் கொடுங்கள்; அங்கே பிள்ளைகள் கழற்றிப் பூட்டிக் கற்க ஓடாத வண்டியும் உதவும். இரண்டும் இல்லையென்றால் விற்றுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். உடைப்பதற்கென்றே பதிவுபெற்ற நிலையங்களுக்கு 2021இல் விதிகள் வந்துவிட்டன.

நான் விற்றேன். இருபதாயிரத்தை அந்த அம்மாளிடம் கொடுக்கும்போது, உண்மையைச் சொல்கிறேன், கை கூசிற்று. காராகக் கொடுத்திருந்தால் லட்சம் ரூபாய் கொடுத்தவன் மாதிரி நிமிர்ந்து வந்திருப்பேன். பணமாகக் கொடுத்தபோது என் தர்மத்தின் சரியான விலை தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாள் அன்றைக்கே ஒரு வாடகைக் காருக்குச் சொல்லியனுப்பினார்.

பாரியின் விஷயமும் அப்போதுதான் விளங்கிற்று. கொடிக்குக் குச்சி போதும்தான். ஆனால் அவன் கழித்துப்போட்ட தேரை லாயத்திலிருந்து தள்ளிக்கொண்டு வரவில்லை. ஏறி வந்த தேரைக் கொடுத்தான். வீட்டுக்கு நடந்துதான் போயிருக்க வேண்டும்.