போன் எஞ்சினியர் சாப்ட்வேர் முதலாளி ஆன கதை: ஸ்ரீதர் வேம்புவிடம் நாம் பார்க்கத் தவறுவது

வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இதை வைத்து என் பிள்ளை என்ன ஆக முடியும்?" என்பதுதான். இதற்கு இப்போது நம் ஊர்களில் ஒரு ரெடிமேட் பதில் கிடைக்கிறது. "ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு மாதிரி ஆகலாம். அமெரிக்காவில் இருந்தவர், தென்காசிப் பக்கம் கிராமத்தில் உட்கார்ந்து கம்பெனி நடத்தவில்லையா? காலேஜ்கூட வேண்டாமாம், பிளஸ் டூ போதுமாம்!"

போடிநாயக்கனூர் டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பாதிக் கதை. பாதிக் கதையை நம்பிப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்வது ஆபத்து. மீதிப் பாதியையும் பார்த்துவிடுவோம்.

முதல் படி: போன்

ஸ்ரீதர் வேம்பு தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். சென்னை ஐஐடியில் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் முடித்தது 1989இல். பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அடுத்து குவால்காம் கம்பெனியில் வயர்லெஸ் எஞ்சினியர் வேலை.

குவால்காம் அப்போது சிடிஎம்ஏ என்ற செல்போன் தொழில்நுட்பத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் ரிலையன்ஸும் டாடா இண்டிகாமும் இந்தியாவில் விற்ற போன்களில் இருந்தது இதுதான். இதில் எல்லா போன்களும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசும். டவருக்கு அருகில் இருக்கும் போன் உரக்கப் பேசினால், தூரத்தில் இருக்கும் போனின் குரல் அமுங்கிவிடும். அதனால் "நீ மெதுவாகப் பேசு, நீ சத்தமாகப் பேசு" என்று டவர் ஒவ்வொரு போனுக்கும் வினாடிக்கு 800 முறை உத்தரவு போடும்.

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது போனில் சார்ஜ் வேகமாக இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். டவர் தூரமாகப் போகப் போக, போன் அதிக சக்தியைச் செலவழித்துக் "கத்த" வேண்டியிருக்கிறது. இன்றைய போன்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

இரண்டாம் படி: நெட்வொர்க்

1996இல் டோனி தாமஸ் என்ற எஞ்சினியரோடும் தன் சகோதரர்களோடும் சேர்ந்து வேம்பு தொடங்கிய கம்பெனியின் பெயர் அட்வென்ட்நெட். அதன் சரக்கு, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாப்ட்வேர். நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவியிடமும் "நலமா? எவ்வளவு டேட்டா போயிற்று? எத்தனை பிழை வந்தது?" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும் புரோகிராம் அது. வாங்கியவர்கள் டெலிகாம் கருவிகள் தயாரித்த கம்பெனிகள்.

உங்கள் வீட்டிலும் இதன் குட்டி வடிவத்தைப் பார்க்கலாம். பிராட்பேண்ட் மோடம் இருந்தால், பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலான மோடம்களில் லாகின் பக்கம் வரும். யூசர் நேம், பாஸ்வேர்டு மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே "ஸ்டேட்டஸ்" பக்கத்தைப் படியுங்கள். மற்ற எதையும் மாற்ற வேண்டாம். லைன் உயிரோடு இருக்கிறதா, எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்பதெல்லாம் அங்கே தெரியும்.

மூன்றாம் படி: ஆபீஸ்

2001 வாக்கில் உலகம் முழுவதும் டெலிகாம் தொழில் சரிந்தது. அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர்கள் வேகமாகக் குறைந்தார்கள். அப்போது அந்தக் கம்பெனி தனக்குத் தெரியாத தொழிலுக்குத் தாவவில்லை. டெலிகாம் கம்பெனிகளுக்குச் செய்த அதே கண்காணிப்பு வேலையைச் சாதாரண ஆபீஸ்களின் நெட்வொர்க்குக்குச் செய்து கொடுத்தது. மேனேஜ்எஞ்சின் பிறந்தது இப்படித்தான். அடுத்து, 2005இல், பிரவுசரிலேயே கடிதம் எழுதக்கூடிய ஜோஹோ ரைட்டர் வந்தது. கம்பெனியின் பெயரே 2009இல் ஜோஹோ என்று மாறியது.

போன், நெட்வொர்க், நெட்வொர்க் மேல் ஓடும் ஆபீஸ் சாப்ட்வேர். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது. இந்த வாழ்க்கையில் நான் பார்க்கும் முக்கியப் பாடம் கிராமமோ, பட்டமோ அல்ல. ஒன்றை அடிவரை கற்றவருக்கு, பக்கத்துப் படிக்குக் காலை வைக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

பட்டம் வேண்டாமா?

ஜோஹோ 2000களின் நடுவில் ஒரு பள்ளியைத் தொடங்கியது உண்மை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து வேலையில் சேர்த்துக்கொள்வதும் உண்மை. ஆனால் கவனியுங்கள். அங்கே கட்டணம் இல்லை, மாணவருக்கு மாத உதவித்தொகை உண்டு. சுமார் இரண்டு ஆண்டுகள், வேலை தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். பட்டத்துக்குப் பதிலாக அங்கே இருப்பது வேறொரு கடுமையான படிப்பு. படிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தொடங்கியவர் டாக்டர் பட்டம் வரை படித்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏலத்தோட்டக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். செடி நட்டால் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை நிழலும் தண்ணீரும் யாராவது கொடுத்தாக வேண்டும். நிழலே இல்லாத மேட்டில் நட்டுவிட்டு "தென்காசியில் காய்த்ததே" என்று கேட்க முடியாது.

ஆகவே, "ஜோஹோகூடப் பட்டம் கேட்பதில்லை" என்று சொல்லி யாராவது ஆறு மாதக் கோர்ஸுக்குப் பெரிய தொகை கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லித்தருபவர் எழுதிய சாப்ட்வேரை இன்று யாராவது பயன்படுத்துகிறார்களா? கோர்ஸ் முடியும்போது பிள்ளையின் கையில் வேலை செய்யும் ஒரு புரோகிராம் இருக்குமா? இதற்கு முன் படித்தவர்கள் இரண்டு பேரிடம் நேரில் பேச முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால் பணம் பத்திரமாக வீட்டிலேயே இருக்கட்டும்.

நானும் எஞ்சினியரிங் படித்து சாப்ட்வேர் வேலை பார்ப்பவன்தான். பட்டம் இன்டர்வியூ அறையின் கதவைத் திறக்கும். உள்ளே போனபின் "நீ செய்ததைக் காட்டு" என்றுதான் கேட்பார்கள். இரண்டும் வேண்டும்.

போடிக்கு என்ன வழி?

தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் ஜோஹோ ஆபீஸ் வந்தது 2010களின் தொடக்கத்தில். அதற்குள் கம்பெனிக்கு வயது பதினைந்தை நெருங்கிவிட்டது. வருமானமும் அனுபவசாலிகளும் ஏற்கெனவே இருந்தார்கள். வேம்பு அங்கே குடிபோனது அதற்கும் பிறகு. எனவே நம் ஊருக்கும் ஒரு வேம்பு வரட்டும் என்று மலையடிவாரத்தில் காத்திருப்பது வீண். இருப்பதை வைத்துத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

போடியில் என்ன இல்லை? 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2023 ஜூனில் அகலப் பாதையில் ரயிலும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏலத்தை ஏலம் விடும் ஊர் இது. ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் விலை கேட்கிறார்கள். அந்த சாப்ட்வேரை எழுதவும் ஆள் வேண்டும், லைன் அறுந்தால் சரி செய்யவும் ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் போடிக்காரராக இருக்கக் கூடாது?

உங்கள் பிள்ளைக்கு இந்த மாதம் ஒரு வேலை கொடுங்கள். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். தெரிந்தவர் தோட்டத்தின் கணக்கு நோட்டை வாங்கி, தேதி, பறித்த பச்சைக்காய் எடை, உலர்ந்த பின் எடை, கூலி என்று நான்கு காலம் போடச் சொல்லுங்கள். ஐந்தாவது காலத்தில் பச்சை எடையை உலர்ந்த எடையால் வகுக்கட்டும். ஒரு கிலோ உலர்ந்த காய்க்குச் சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் என்பது பொதுவான கணக்கு. எந்தப் பறிப்பில் அந்த எண் திடீரென ஏறுகிறதோ அங்கே பிஞ்சு பறித்தார்களா, உலர்த்தும்போது ஏதாவது தவறியதா, எடையில் பிசகா என்று தோட்டக்காரர் விசாரிக்கலாம். கருவியைக் கேள்வி கேட்டுத் தவறைப் பிடிக்கும் அட்வென்ட்நெட் வேலைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

2025 ஜனவரியில் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, ஆராய்ச்சியைக் கவனிக்கத் தலைமை விஞ்ஞானி பொறுப்புக்குப் போனார். இத்தனை உயரம் போனபிறகும் எஞ்சினியர் வேலைக்கே திரும்பியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இந்தச் செய்தியைத்தான். முதலாளி ஆவது எப்படி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில், மேஜை மேல் இருக்கும் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்கப் பழகட்டும்.