ஓடை வற்றுமுன் அளந்தாக வேண்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிரீன் மாவட்டத்து ரையர்சன் ஸ்டேஷன் பூங்காவில் டியூக் ஏரி என்று ஒன்று இருந்தது. 2005 கோடையில் அதன் அணையில் விரிசல் கண்டு, ஏரியை அவசரமாக வடித்தார்கள். அருகில் நிலத்துக்கடியில் நடந்த நிலக்கரிச் சுரங்கமே காரணம் என்றது அரசு, சுரங்க நிறுவனம் மறுத்தது. 2013-இல் 3.6 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நிலம் இன்னும் அசைகிறது என்பதால் 2015-இல் புது அணைத் திட்டமே கைவிடப்பட்டது.

அணை என்பதால் சேதம் ஊருக்குத் தெரிந்தது. ஓடைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அங்கே நடப்பது ‘லாங்வால்’ முறை. சில நூறு மீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலக்கரிப் பாளத்தை இயந்திரம் அப்படியே சீவி எடுக்கிறது. அது நகர நகரப் பின்னால் கூரை இடிந்து விழும். விழ வேண்டும் என்பதுதான் திட்டமே. மேலே நிலம் ஒரு மீட்டருக்கும் அதிகமாக இறங்கலாம். பாளத்தின் ஓரங்களில் ஓடைப் படுகை இழுபட்டு வெடிக்க, தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. வெட்டாமல் விட்ட தூண்களின் மேல் நிலம் மேடாகவே நிற்பதால், அதன் முன்னால் தண்ணீர் தேங்குகிறது. ஓடும் நீரில் கல்லைப் பற்றி வாழும் பூச்சிகளுக்கு ஓடை வற்றினாலும் கேடு, வண்டல் படிந்து தேங்கினாலும் கேடு.

பென்சில்வேனியாவை அக்கறையற்ற மாநிலம் என்று சொல்ல முடியாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பாதிப்புகளை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று 1994-லேயே அங்கு சட்டம் வந்துவிட்டது. 2008 முதல் 2013 வரையிலான காலத்தைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. அடியில் சுரங்கம் சென்ற சுமார் 96 மைல் ஓடைகளில் ஐந்தில் இரண்டு பங்கு வற்றியோ தேங்கியோ போயிருந்தன. ஆனால், அறிக்கை வந்து சேர்வதற்குள் இயந்திரம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும்.

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. மலையடிவாரத்துச் சிற்றோடைகள் கோடையில் இயல்பாகவே மெலியும். சுரங்கம் கடந்த பிறகு ஓடை வற்றினால், ‘மழை பொய்த்துவிட்டது’ என்று சொல்லிவிடலாம். அதை மறுக்க இரண்டு சான்றுகள் வேண்டும்: அதே ஓடையின் பழைய அளவு, அதே மழை பெய்யும், ஆனால் அடியில் சுரங்கம் இல்லாத பக்கத்து ஓடையின் இன்றைய அளவு. இவற்றைத் திரட்டுவது பெரும்பாலும் நிறுவனம் அமர்த்தும் ஆலோசகர். அவர் நாணயமானவராகவே இருக்கட்டும். எங்கே அளப்பது, எந்த மாதம் அளப்பது என்பதில் சம்பளம் கொடுப்பவரின் கை இருக்கத்தானே செய்யும்?

அதே பூங்காவில் ஓடும் போலன் ரன் ஓடை தொடர்பாக 2017-இல் மாநிலச் சுற்றுச்சூழல் விசாரணை வாரியம் ஒரு தீர்ப்பளித்தது. படுகையையே புதிதாகப் போட வேண்டிய அளவுக்கு ஓடை சிதையும் என்று தெரிந்தும் அனுமதி தந்தது தவறு என்றது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மாநிலச் சட்டமன்றம் விதியைத் தளர்த்தி, சீர்செய்யக்கூடிய சேதத்துக்கு வழிவிட்டிருந்தது. ஆளுநர் கையெழுத்திடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. துணிச்சலில் இது ஒரு வகை போலும்.

இது தொலைதூரக் கதை அல்ல. தெலங்கானாவின் அட்ரியாலாவில் சிங்கரேணி நிறுவனம் லாங்வால் சுரங்கம் நடத்துகிறது. நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு 10 கோடி டன் என்பது 2030-க்கான மத்திய அரசின் இலக்கு. நிலத்துக்கடியில் தோண்டினால் காடு அழியாது, ஊர் பெயராது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், சுற்றுச்சூழல் அனுமதிக்கான அடிப்படைத் தரவை, மழைக்காலம் நீங்கலாக ஒரே ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பதே இங்கே வழக்கம். பருவமழையால் வாழும் ஓடையை மழையில்லாத மாதங்களில் மட்டும் பார்த்துவிட்டு, பிறகு எதோடு எதை ஒப்பிடுவார்கள்?

எனவே நிலத்தடிச் சுரங்கத்துக்கு அனுமதி தருமுன் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகள் ஓடையையும் பக்கத்து ஓடையையும் அளக்க வேண்டும். செலவை நிறுவனம் ஏற்கட்டும். அளப்பது பல்கலைக்கழகமாகவோ அரசின் நீரியல் துறையாகவோ இருக்கட்டும். எண்கள் அன்றாடம் இணையத்தில் வெளிவர வேண்டும். பக்கத்து ஓடை ஓட, இந்த ஓடை மட்டும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இயந்திரத்தை நிறுத்தும் நிபந்தனை அனுமதியிலேயே எழுதப்பட வேண்டும்.

இரண்டாண்டுத் தாமதம் கட்டுப்படியாகாது என்பார்கள். ஒரு சுரங்கம் முதல் துளையிடலிலிருந்து முதல் டன் நிலக்கரிக்கு வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. நிலக்கரி தேடி முதல் துளை போடும் நாளிலேயே ஓடையில் அளவுகோலையும் நட்டுவிட்டால், ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.